சண்டைக்கு ஒரு பூங்கா

சண்டை போடுவதற்கு இந்த ஊரில் ஓர் அமைதியான இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நம்பாதவர்கள் என்னைப் போல மூன்று வாரம் நாயாய் அலைந்து பார்க்கட்டும்.

வீட்டிலேயே போட்டால் என்ன என்பீர்கள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய சமையலறை. ஹாலில் மாமியாரின் கட்டில். படுக்கையறையில் எங்களோடு மகள். சுவர் எப்படிப்பட்டது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் என் மாமியார் இங்கே படுத்தபடியே, "வெந்நீர் குடிங்க" என்பார். அவரும் அங்கிருந்து, "சரிங்கம்மா" என்பார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃப்ரிட்ஜை எந்தப் பக்கம் வைப்பது என்ற ஒன்றுக்கும் உதவாத விஷயத்துக்கு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் முட்டிக்கொண்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கதவை அறைந்தார். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் சத்தமில்லாமல் தலையணையையும் பள்ளிக்கூடப் பையையும் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு டீச்சர் கதவைத் தட்டி, "அவங்க முடிக்கிற வரைக்கும் நான் இங்க இருந்துக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் மறுநாள் படியில் வைத்துச் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றோடு எங்கள் வீட்டுக்குள் சண்டைக்குத் தடை விழுந்தது.

அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சண்டை வரும்போல இருந்தால் இருவரில் ஒருவர், "காத்தாடப் போயிட்டு வரலாமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்ட வேண்டும். சின்னச் சண்டைகளை பஸ் நிறுத்தத்திலேயே முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். வெளியே போனால் இன்னொரு வசதியும் உண்டு. மாமியார் காது கேட்க என் வீட்டுக்காரரை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். 'நீங்க' போட்டு யாராவது உருப்படியாகச் சண்டை போட முடியுமா? தெருமுனை தாண்டினால்தான் எனக்கு 'நீ' வரும்.

இந்த ஏற்பாடு என் மாமியாருக்குத் தெரியாது. "எம்புள்ளயும் மருமகளும் புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி காத்து வாங்கப் போறாங்க" என்று மாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எங்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் பெருமூச்சு விடுவாள். விடட்டும், பாவம்.

இப்போது வந்திருந்தது சின்னச் சண்டை அல்ல.

நான் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் கம்பெனியில் பாலிஷ் பிரிவில் இருக்கிறேன். மெஷினிலிருந்து வரும் லென்ஸை விளக்குக்கு நேராகப் பிடித்து, சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். மயிரிழை அளவு இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த வேலையை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறேன் என்பது என் வீட்டுக்காரரின் நெடுநாள் புகார். வாயைத் திறந்து சொன்னதில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருப்பார்.

கம்பெனி இன்னொரு ஊரில் புதிய ஆலை தொடங்குகிறது. ரயிலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து போக வேண்டிய ஊர். அங்கே பாலிஷ் பிரிவு முழுவதையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். கம்பெனிக் குடியிருப்பிலேயே வீடு. மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீடு ஒதுக்குவதற்காக, எத்தனை பேர் வருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்குப் போக வேண்டும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, ஆசையாக இருந்தது. நாலு பேரும் போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. மாமியாரைப் பற்றிக் கவலையில்லை. கட்டிலை எங்கே போட்டாலும் அங்கே ஒரு பக்கத்து வீட்டை அவர் உண்டாக்கிக்கொள்வார். மகளுக்குத் தனியாக ஓர் அறை என்றாலே போதும். முட்டுக்கட்டை ஒன்றே ஒன்றுதான்.

அந்த முட்டுக்கட்டை லிஃப்ட் மெக்கானிக். நான் விஷயத்தைச் சொன்னதும், "ம்" என்றார். மறுநாள் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். இந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்த முடியும் என்பதற்கு அவரே சாட்சி. எனக்கு 'வரேன்' வேண்டும், இல்லையென்றால் 'வரல' வேண்டும். அதை அவர் வாயிலிருந்து பிடுங்க ஒரு பெரிய சண்டை வேண்டும். அதற்கு ஓர் இடம் வேண்டும்.

"காத்தாடப் போயிட்டு வரலாமா?" என்றேன்.

"எனக்கு ஒரு நல்ல இடம் தெரியும்" என்றார் அவர். எனக்கே ஆச்சரியம்.

அவர் கூட்டிப்போனது மாநகராட்சியின் பெரிய பூங்கா. வட்டமான நடைபாதையில் ஊரே நடந்துகொண்டிருந்தது. நாங்கள் நின்றால் பின்னால் வருகிறவர் முட்டினார், நடந்தால் முன்னால் போகிறவர் பேச்சு காதில் விழுந்தது. விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டு வேறு. கடைசியில் ஒரு வேலியோரமாகக் காலி பெஞ்சைக் கண்டுபிடித்து அவரை உட்கார வைத்தேன். மூச்சை இழுத்துவிட்டு, "இப்ப சொல்லு. வர்றியா, இல்லயா?" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருபது முப்பது பேர் ஒரே குரலில், "ஹா! ஹா! ஹா!" என்றார்கள்.

சிரிப்புப் பயிற்சியாம். கையை மேலே தூக்கி வயிறு குலுங்கச் சிரித்தால் இதயத்துக்கு நல்லதாம். நான் ஒவ்வொரு முறை வாயைத் திறந்தபோதும் அவர்கள் சிரித்தார்கள். "பன்னெண்டு வருஷமா உன்கிட்ட நான் என்ன கேட்டிருக்கேன்?" என்றேன். "ஹோ! ஹோ! ஹோ!" என் வீட்டுக்காரர் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு பூமியைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. என் இதயத்துக்கு அது நல்லதாக இருக்கவில்லை.

அந்த வாரம் மெஷின் முன்னால் உட்காரவே முடியவில்லை. கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. நல்ல லென்ஸில் கூட இல்லாத கீறல் தெரிந்தது. லென்ஸுக்குப் பூச்சு போடும் கோட்டிங் பிரிவில் இருக்கும் அக்கா என் மேசைக்கு வந்து, "என்ன, யார் மேல காட்ட வேண்டியத கண்ணாடி மேல காட்டற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த இடத்தையும் அவரே சொன்னார். "விளையாட்டு மைதானத்துக்குப் பின்னாடி ஏரி இருக்கு. ஆளே இருக்காது." போனோம். இந்த ஊரில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் குழாயில் வராததெல்லாம் இங்கேதான் கிடந்தது போலிருக்கிறது. கரை நெடுக நாணல். காலருகே ஒரு நீர்க்கோழி தன் குஞ்சுகளை வரிசையாக இழுத்துக்கொண்டு போனது. அதற்கு அவசரம் எதுவும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

அவர் பக்கம் திரும்புவதற்குள் மரத்துக்குப் பின்னாலிருந்து, "கொஞ்சம் நகந்துக்கறீங்களா?" என்று ஒரு குரல். கல்யாண ஜோடியை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நகர்ந்தோம். அந்தப் பக்கமும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. மறுபடி நகர்ந்தோம். பிறகு போட்டோகிராபர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், உயரமா இருக்கீங்க. வெளிச்சம் அடிக்கிற இந்தத் தட்டிய கொஞ்சம் புடிக்கிறீங்களா? எங்க ஆள் வரல" என்றார்.

என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? சந்தோஷமாகப் போய்ப் பிடித்தார். பளபளக்கும் வட்டத் தட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சூரியன் இறங்கும்வரை, யாரோ ஒரு பெண்ணின் கன்னத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாய்க்கட்டுமா?" என்று அவராகவே கேட்டார். என்னிடம் என்றைக்காவது அப்படிக் கேட்டிருக்கிறாரா? நான் கரையில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன்.

வீடு திரும்பினால் மாமியார், "ஏரிக்கரையா? நல்லா இருந்துச்சா?" என்றார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. நீங்களும் ஒரு நாள் வாங்க" என்றேன். என் பல் நறநறத்தது அவருக்குக் கேட்டிருக்காது.

மூன்றாவது இடத்தையும் அவரே சொன்னபோது எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தோட்டம். உண்மையிலேயே ஈ காக்கா இல்லாத அமைதி. மரத்தடியில் கல் பெஞ்சுகள், நடுவே சின்னக் குளம், அதில் ஒரே ஒரு ஆமை. ஆனால் பத்தடிக்கு ஒரு பலகை: 'அமைதி காக்கவும்.' மேலே வரிசையாக ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு நோயாளி. நான் குரலைத் தூக்கியதும் ஒரு நர்ஸ் ஜன்னலிலிருந்து விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

குசுகுசுவென்று சண்டை போட்டுப் பார்த்தேன். அது கொஞ்சுவது மாதிரி இருக்கிறது. "இந்தச் சனிக்கிழமையோட நாள் முடியுது" என்று அவர் காதருகே சீறினேன். சக்கர நாற்காலியில் போன பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து மனசு நிறையச் சிரித்தார். நானும் பதிலுக்குச் சிரித்துத் தொலைத்தேன்.

"வர முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லேன். நான் என்ன கடிச்சா சாப்பிடப்போறேன்?"

அவர் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சத்தம் போடாத. ஆஸ்பத்திரி" என்றார்.

அன்றிரவு எனக்குப் பயமாக இருந்தது. கோபம் பழகிய விஷயம், எனக்கு அது சட்டை மாதிரி. பயம் புதிது. இந்த மனிதர் வரமாட்டார், வரமாட்டேன் என்று சொல்லவும் மாட்டார், சனிக்கிழமை போய்விடும், நான் அந்த மெஷின் முன்னாலேயே உட்கார்ந்து கண் மங்கிப்போவேன், அதற்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியாது. அப்படி ஆகிவிடும் என்று பயந்தேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. கோட்டிங் அக்காவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, யாரும் இல்லாத இடம் எதாவது தெரியுமா? கத்தினா யாருக்கும் கேக்கக் கூடாது."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொலையா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"எங்க வீட்டுப் பக்கம் பழைய நீரேற்று நிலையம் இருக்கு. இப்ப அங்க வேலை எதுவும் இல்ல. தொட்டி எல்லாம் மண்ணு மூடி மரமா வளந்து கிடக்கு. வாட்ச்மேன்கிட்ட சொன்னா உள்ள விடுவார். நானே எங்க மாமியார் செத்தப்ப அங்க போய்த்தான் அழுதேன். வீட்டுல அழுதா யாரும் நம்ப மாட்டாங்க."

இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வீட்டுக்காரருக்கு போன் செய்து பஸ் நிறுத்தத்துக்கு வரச் சொன்னேன். வந்தார். இடத்தைச் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அங்கயா? அங்கெல்லாம் விட மாட்டாங்க."

"விடுவாங்களாம்."

"பாம்பு இருக்கும்."

"உன்னோட சேந்து நானும் வர்றேன்ல, அது பயந்து ஓடிடும்."

"மழை வர மாதிரி இருக்கு."

நான் வானத்தைப் பார்த்தேன். துடைத்துவைத்த லென்ஸ் மாதிரி இருந்தது. அவர் சட்டையின் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினேன்.

மெயின் ரோட்டில் இறங்கி, டயர் கடைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் நடுவில் ஒரு சந்து. லாரிச் சத்தத்தில் அவர் ஏதோ சொன்னதுகூட எனக்குக் கேட்கவில்லை. சந்து முடிகிற இடத்தில் துருப்பிடித்த கேட். அதற்குள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டுக் கொண்டிருந்த வாட்ச்மேன் தலையைத் தூக்கினார்.

"வாங்க சார், வாங்க! இன்னைக்கு என்ன, ஜோடியா?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். எங்களைத் தவிர யாருமில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "ஓ, அந்தப் பொம்பள வேஷம் கட்டறவங்க நீங்கதானாம்மா? நல்லது, நல்லது. சார் பாவம், ரெண்டு பேர் வசனத்தையும் ஒத்தையாளா பேசிக்கிட்டிருந்தார். நாடகம் எப்ப? எங்க போடறீங்க?"

"என்ன நாடகம்?" என்றேன்.

"சார் ஒத்திகை பாக்கறாரே, அதாம்மா. மூணு வாரமா, வேலை விட்டு வந்ததும் உள்ள போய் நின்னுக்கிட்டு பேசுவார். முதல்ல ஆம்பளயா பேசுவார். அப்புறம் இந்தப் பக்கம் வந்து நின்னு பொம்பளயா பேசுவார். அந்தப் பொம்பள பார்ட்தான் கஷ்டம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரொம்பக் கோபக்காரி."

என் வீட்டுக்காரரின் சட்டைக்கையை விட்டேன். அவர் உள்ளே நடந்தார். வழி அவருக்குத் தெரிந்திருந்தது, எந்தக் கல் ஆடும் என்பது வரைக்கும்.

உள்ளே போகப் போக ரோடு காணாமல் போனது. பழைய தொட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கூடம் அளவுக்கு. சுவர்கள் அப்படியே நிற்க, உள்ளே மண் நிரம்பி, மண்ணில் மரங்கள் எழும்பி, மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தன. தரையெங்கும் சருகு மெத்தை. கடைசித் தொட்டியில் மட்டும் இன்னும் தண்ணீர் இருந்தது, கறுப்பாக, அசையாமல். ஒரு மீன்கொத்தி சுவர்மேல் உட்கார்ந்து அதைக் காவல் காத்தது. மூன்று வாரமாக நான் தேடிய இடம் இதுதான். என் மூச்சு எனக்கே கேட்டது. எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆளில்லை.

கத்தினேன். "உனக்கு இந்த இடம் தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே என்னை சிரிக்கிறவங்க நடுவுல கொண்டுபோய் உக்கார வச்சியா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா? யாரோ ஒருத்தி கல்யாணத்துக்கு வெளிச்சம் காட்டினியா?"

மீன்கொத்தி பறந்துவிட்டது.

அவர் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். "சண்டை முடிஞ்சா நீ போயிடுவ" என்றார். "முடியாத வரைக்கும் போக மாட்டல்ல. அதான்."

எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"நடிச்சுக் காட்டு."

"என்ன?"

"வாட்ச்மேனுக்கு மட்டும்தானா? என் பார்ட்ட நானும் பாக்கறேன். நடி."

முதலில் முடியாது என்றார். நான் விடவில்லை. கடைசியில் எழுந்து இரண்டடி தள்ளி நின்றார். இடுப்பில் கையை ஊன்றினார். அதைப் பார்த்ததும் நான் என் கையை எடுத்துவிட்டேன். "நீ என்னைக்காவது வாயத் தொறந்து பேசிருக்கியா?" என்றார், என் குரலில். என் குரல்தான். கடைசி எழுத்தை இழுப்பதுகூட அச்சு அசல். "எனக்கும் ஆசை இருக்குன்னு உனக்குத் தெரியுமா? தெனமும் அடுத்தவங்க கண்ணுக்காகக் கீறல் பாத்துப் பாத்து என் கண்ணு போகுது. ஒரு நல்லது வருது, அதுக்கும் குறுக்க நிக்கறியே!"

நான் அவரிடம் இதுவரை சொல்லாத வாதம் அது. நான் சொல்லியிருக்க வேண்டியதை எனக்காக அவர் இந்தச் சருகுகளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், என்னைவிட நன்றாக. சிரிப்புதான் முதலில் வந்தது. பாதியில் அது வேறு மாதிரி ஆகி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி. உன் பார்ட்?"

அவர் பழைய இடத்துக்கு வந்து நின்றார். கையைத் தொங்கவிட்டார். "சரி. போ" என்றார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அதோட முடிஞ்சிடும்."

"தெனமும் இதேதானா?"

"சில நாள் 'போகாத'ன்னு சொல்லிப் பாப்பேன். ஆனா நீதான் ஜெயிப்ப."

"இதுல ஒரு நாளாவது, 'நானும் வரேன்'னு சொல்லிப் பாத்தியா?"

காத்திருந்தேன். மேலே ஒரு இலை பிரிந்து, அவசரமே இல்லாமல் சுற்றிச் சுற்றி இறங்கி, தண்ணீரில் உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த அமைதியில் பின்னால் ஒளிந்துகொள்ள அவருக்கு எதுவுமில்லை. சிரிப்பவர்கள் இல்லை, தட்டி இல்லை, நர்ஸ் இல்லை. சொல்லிப் பார்த்ததே இல்லை என்பது தெரிந்தது. தனியாக, யாரும் கேட்காத இடத்தில், பொய்யாகக்கூட அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை.

இனிமேல் கேட்க என்ன இருக்கிறது? போனை எடுத்தேன். மேனேஜர் உடனே எடுத்தார்.

"சொல்லும்மா, உன் பதிலுக்குத்தான் காத்திருக்கேன்."

"நான் வரேன் சார்."

"ரொம்ப சந்தோஷம். எத்தனை பேர்னு போடட்டும்?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டா? யார் யாரும்மா?"

"நானும் என் பொண்ணும்."

"ரெண்டா?"

இதைக் கேட்டது மேனேஜர் இல்லை. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். "என்னது ரெண்டு? யாரக் கேட்டு ரெண்டு? அவ எனக்கும்தான் பொண்ணு!"

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் கதவுதான் சத்தம் போட்டிருக்கிறது, அவர் போட்டதில்லை. மரங்களுக்குள்ளிருந்து என்னென்னவோ பறவைகள் கலைந்து பறந்தன.

"ரெண்டு பேரும் போயிட்டா நானும் எங்கம்மாவும் சுவத்தப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கணுமா?"

"அப்ப வா!"

"வந்து? வந்து அங்க நான் யாரு? இங்க எந்தக் கட்டடத்துல லிஃப்ட் நின்னாலும் என்னத்தான் கூப்பிடுவாங்க. சத்தத்த வச்சே எதுல என்ன கோளாறுன்னு சொல்லுவேன். அங்க போய் எவனோ ஒரு சின்னப் பையனுக்குக் கீழ ஸ்பானர் எடுத்துக் குடுத்துக்கிட்டு நிக்கணும். 'பாலிஷ் மேடம் வீட்டுக்காரர்'னு கை காட்டுவாங்க. அங்க என்னை யாரு கூப்பிடுவாங்க?"

"நான் கூப்பிடறேனே!" என்று நானும் கத்தினேன். "மூணு வாரமா கூப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்! லிஃப்ட் கூப்பிட்டா ஓடற, நான் கூப்பிட்டா காது கேக்கலயா?"

அவர் முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, என்னோடு சண்டை போட வந்த ஒரு புது ஆள் மாதிரி இருந்தார். இத்தனை நாளாக அவரிடம் நான் தேடிய கீறல் இதுதான். இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மனிதர் ஊரிலிருக்கும் பூங்காவுக்கெல்லாம் என்னை இழுத்தடித்திருக்கிறார்.

காதில் மேனேஜர் இருமினார். "ஏம்மா, நான் அப்புறம் பேசட்டுமா?"

"இல்ல சார். நாலுன்னு போட்டுக்கங்க."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சா?"

"ஒருத்தர் இன்னும் ஒத்துக்கல. கத்திக்கிட்டிருக்கார்."

"கேக்குது" என்றார் மேனேஜர்.

போனைப் பைக்குள் போட்டேன். "உன்ன யாரு நாலுன்னு சொல்லச் சொன்னது?" என்று என் வீட்டுக்காரர் தொட்டிச் சுவர்கள் எதிரொலிக்கக் கேட்டார்.

"வரலன்னு சொல்லு. இப்பவே போன் பண்ணி மாத்திடறேன்."

அவர் மூச்சை இழுத்தார். பிறகு ஆரம்பித்தார். என் கோபத்தைப் பற்றிச் சொன்னார். ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொன்னார். அவர் பேச வாயெடுக்கும்போதெல்லாம் நான் முந்திக்கொள்வதைப் பற்றிச் சொன்னார். அந்த ஊரில் லிஃப்டே இருக்காது என்றார். இருந்தாலும் மட்டமான லிஃப்டாகத்தான் இருக்கும் என்றார். பன்னிரண்டு வருஷத்தில் சொல்லாத அத்தனையையும், வெளிச்சம் போகிறவரைக்கும், நின்று நிதானமாகக் கத்திச் சொன்னார். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.